நாய்க்குப் பலகாரமா? ஆம், நாமே சுடுவோம்!

பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் இப்போது ஒரு புதுவிதமான விழா நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. மாவு பிசைகிறார்கள். பூசணிக்காயை வேகவைத்து மசிக்கிறார்கள். எலும்பு வடிவத்தில் அச்சு வைத்து வெட்டுகிறார்கள். அடுப்பில் வைத்துச் சுட்டு எடுக்கிறார்கள். எல்லாம் யாருக்கு? நாய்களுக்கு!

இதைக் கேட்டதும் ஆலைத் தொழிலாளிக்குச் சிரிப்பு வரும். விவசாயத் தொழிலாளிக்குக் கோபம் வரும். "எங்கள் பிள்ளை சத்துணவு முட்டையை நம்பிப் பள்ளிக்கூடம் போகிறது. அங்கே நாய்ப் பலகாரத்துக்கு முட்டை உடைத்து ஊற்றுகிறார்களா?" என்று கேட்பார்.

கேள்வி நியாயமானது. அந்தக் கோபத்தை நாம் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் கோபத்தோடு நின்றுவிடவும் போவதில்லை. இந்த விழாவை நம்முடைய தெருவிலும், நம்முடைய லைன் வீடுகளிலும், நம்முடைய சேரியிலும் நடத்த வேண்டும் என்பதே நமது கருத்து. பொழுதுபோக்குக்காக அல்ல, நம் பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்காக! எப்படி என்பதைச் சொல்கிறோம்.

கோபத்தின் வேர்

நாய் என்றதும் உழைப்பவன் மனத்தில் எழுவது என்ன? பண்ணையார் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாய்தான். அந்த நாய்க்குச் சோறு உண்டு. பண்ணையாளுக்கோ கூழ், கூடவே சாட்டையடியும் சாணிப்பாலும். கீழத் தஞ்சையின் பழைய தலைமுறை இதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

ராஜபாளையத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த ஊருக்கு இரண்டு புகழ் உண்டு. ஒன்று பஞ்சாலை. இன்னொன்று வெள்ளை வேட்டை நாய். ஜமீன்களும் பாளையக்காரர்களும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த சாதி அது. 2005-ஆம் வருஷத்தில் அந்த நாயின் படத்தைப் போட்டு இந்திய சர்க்கார் தபால் தலையே வெளியிட்டது. ஆலையில் நூல் நூற்றவன் படத்தை யார் போட்டார்கள்?

ஆனால், தோழர்களே, ஒன்றை யோசியுங்கள். எஜமானனை நாய் தேர்ந்தெடுக்கவில்லை. பண்ணையார் வீட்டில் மட்டும் நாய் இருக்கவில்லை; களத்து மேட்டிலும் ஆட்டுக் கிடையிலும் நம்மோடுதான் இருந்தது. கணவன் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டால், தாழ்ப்பாள் சரியில்லாத லைன் வீட்டில் பிள்ளைகளோடு படுத்திருக்கும் தாய்க்கு யார் துணை? வாசற்படியில் சுருண்டு கிடக்கும் அந்த நாய்தான். சம்பளம் இல்லாத காவல்காரன்! மீந்த சோற்றுக்கு மேல் அது எதையும் கேட்டதில்லை.

எனவே நமது சண்டை நாயோடு அல்ல. நாயைக் காட்டி மனிதனை இழிவுபடுத்திய முறையோடுதான் நமது சண்டை.

கப்பல் ரொட்டி கம்பெனிச் சரக்கான கதை

கடையில் விற்கும் நாய் பிஸ்கட் எங்கிருந்து வந்தது? அந்தக் கதை உழைப்பாளியின் தட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

சுமார் 1860-ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்க வியாபாரி லண்டனுக்கு வந்தார். இடிதாங்கி விற்பது அவர் தொழில். துறைமுகத்தில் மாலுமிகள் வீசியெறிந்த கப்பல் ரொட்டியைத் தெரு நாய்கள் தின்பதை அவர் பார்த்தார் என்று சொல்வார்கள். கப்பல் ரொட்டி என்றால் என்ன? மாவும் தண்ணீரும் சேர்த்துக் கல்லைப் போலச் சுட்ட ரொட்டி. மாதக் கணக்கில் கடலில் கிடந்த மாலுமி, அதிலுள்ள வண்டுகளைத் தட்டி உதிர்த்துவிட்டுத் தின்ற ரொட்டி. அதே ரொட்டியில் மாட்டிறைச்சியும் காய்கறியும் சேர்த்து, பேடண்ட் வாங்கி, பிரபுக்களின் வேட்டை நாய்களுக்கு விற்கலானார் ஸ்பிராட். மாலுமிக்குக் கிடைத்ததைவிட உயர்ந்த ரொட்டி நாய்க்குப் போயிற்று. லாபம் கம்பெனிக்குப் போயிற்று.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் கிரப்ட் என்பவர்தான் 1891-இல் லண்டனில் தம் பெயரால் நாய்க் கண்காட்சி தொடங்கினார். நாய்களுக்கு மெடலும் பரிசும்! கம்பெனியின் பெரிய தொழிற்சாலை லண்டனின் கிழக்கே, பாப்லர் பகுதியில், கால்வாய்க் கரையில் எழுந்தது. சுற்றிலும் யார் குடியிருந்தார்கள்? துறைமுகக் கூலிகள். 1889-ஆம் வருஷத்தில் அந்தக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? மணிக்கு 6 பென்ஸ் கூலி. ஒரு மாத காலம் பட்டினி கிடந்து போராடி, அந்த 6 பென்ஸை வென்றார்கள்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? நாய் பிஸ்கட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான். மாவு, தண்ணீர், நெருப்பு, உழைப்பு, இவ்வளவுதான். பளபளப்பான உறைக்குள் போட்டு, மேலே சிரிக்கிற நாயின் படத்தை ஒட்டி, கைப்பிடி பிஸ்கட்டை நம்மால் நெருங்க முடியாத விலைக்கு விற்கிறார்கள். நாம் விலை கொடுப்பது உறைக்கும் படத்துக்கும்தான். வீட்டில் சுடலாம் என்று பட்டணத்துக் குடும்பங்கள் கண்டுபிடித்திருப்பது ஒரு வகையில் நல்ல கண்டுபிடிப்பே. ஆனால் அவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். சொந்த நாய்க்குச் சுட்டார்கள், படம் பிடித்தார்கள், கலைந்தார்கள். தெருவில் நிற்கும் நாயைப் பற்றியும், அந்தத் தெருவில் நடந்து போகிறவனைப் பற்றியும் அவர்கள் யோசித்தார்களா? அந்த மீதி வழியை நாம்தான் நடக்க வேண்டும்.

கடிபடுவது யார்?

காரில் போகிறவனை நாய் கடிப்பதில்லை. காலை 5 மணி இருட்டில் முதல் ஷிப்டுக்குச் சைக்கிள் மிதிக்கிற தொழிலாளியைத்தான் துரத்துகிறது. நள்ளிரவில் ஷிப்டு முடிந்து சந்துக்குள் நுழைகிறவனைக் கடிக்கிறது. விடியுமுன் நாற்றுக் கட்டு தூக்கப் போகிற பெண்ணைக் கடிக்கிறது. எல்லோருக்கும் மேலாகத் தெருவில் விளையாடுகிற குழந்தையைக் கடிக்கிறது. விளையாட நமக்குத் தெருவைத் தவிர வேறு மைதானம் ஏது?

கடி ஆறிவிடும். வெறிநோய் ஆறாது. நோயின் குறி தெரிந்த பிறகு வைத்தியம் இல்லை; சாவுதான். உலகில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் எடுத்துக்காட்டி வந்த மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நமது இந்தியாவில்! வெறி பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். சாகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், கிராமத்தார்கள்.

தடுக்க வழியில்லையா? இருக்கிறது! 1885-ஆம் வருஷத்திலேயே பாரிஸில் லூயி பாஸ்டர் தடுப்பூசி போட்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். நமது நீலகிரியில், குன்னூரில், 1907-இல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. கடிபட்டால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் புண்ணைக் கழுவ வேண்டும். மஞ்சளும் மிளகாயும் சுண்ணாம்பும் அப்பக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். போடும் முறையைப் பொறுத்து நான்கு அல்லது ஐந்து தடவை போக வேண்டும். ஆழமான கடி என்றால் புண்ணைச் சுற்றிப் போடும் வேறு மருந்தும் தேவை.

இங்கேதான் வர்க்க வித்தியாசம் குறுக்கே நிற்கிறது. நான்கு தடவை ஆஸ்பத்திரி என்றால் கூலிக்காரனுக்கு நான்கு நாள் கூலி போச்சு. பஸ் சத்தம் வேறு. ஆலைத் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. என்று ஒன்று உண்டு. நாற்று நடுகிறவளுக்கு என்ன உண்டு? இரண்டு ஊசியோடு "சரியாகிவிட்டது" என்று நிறுத்திக் கொள்கிறவர்கள் அறியாமையால் மட்டும் நிறுத்துவதில்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்று நிறுத்துகிறார்கள்.

கொல்வதா? போட்டுவிட்டுப் போவதா?

"எல்லா நாயையும் கொன்றுவிடு" என்று ஒரு கூட்டம் கூச்சலிடுகிறது. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டு காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய் ஒழிந்ததா? வெறிநோய் ஒழிந்ததா? இல்லை! குப்பையும் தீனியும் இருக்கிற இடத்துக்குப் புதிய நாய்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் 1990-களில்தான் கொல்வதை விட்டுக் கருத்தடை, தடுப்பூசி என்ற வழிக்கு மாநகராட்சி திரும்பியது.

"பாவம், வாயில்லா ஜீவன்" என்று தினமும் நம் சந்து முனையில் பிஸ்கட்டைக் கொட்டிவிட்டுக் காரில் ஏறிப் போகிறது இன்னொரு கூட்டம். நாய்கள் அங்கே கூடுகின்றன; சண்டையிடுகின்றன; மறுநாள் கடிபடுவது நம் பிள்ளை. கருணைக்கு இவர் சொந்தக்காரர்; கடிக்கு நாம் சொந்தக்காரர்!

2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு என்ன சொன்னது? கண்ட தெருவில் தீனி போடக் கூடாது, ஒவ்வொரு வார்டிலும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றது. தடுப்பூசி போட வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும் என்றது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதுமா? வார்டில் அந்த இடத்தைக் காட்டப் போவது யார்? நாம் கேட்காமல் ஒருவரும் காட்டப் போவதில்லை.

வழி ஒன்றுதான். ஒரு வட்டாரத்து நாய்களில் 100-க்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டு, வருஷந்தோறும் அதை நிலைநிறுத்தினால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். இது ஏட்டுக் கணக்கு அல்ல. கோவாவில் ஊர் ஊராகப் போய் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். 2018, 2019 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அந்த மாநிலத்தில் வெறிநோயால் ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை.

பிஸ்கட்டின் வேலை என்ன?

"ஊசி சரி, பிஸ்கட் எதற்கு?" என்று கேட்கலாம்.

வலையோடு வண்டி வந்து நின்றால் தெரு நாய் என்ன செய்யும்? ஓட்டம் பிடிக்கும். ஒருநாள் பார்த்துவிட்டால் மறுநாள் வண்டிச் சத்தத்துக்கே ஓடும். ஆனால் அதே நாய், தினமும் தனக்கு ஒரு துண்டு தருகிற கைக்கு வரும். கழுத்தைத் தடவ விடும். அந்தக் கை பிடித்துக் கொண்டால் கால்நடை டாக்டர் ஒரு நொடியில் ஊசியைப் போட்டுவிடுவார். நாய்க்கும் மனிதனுக்கும் நடுவில் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைக்குக் கூலி அரைத் துண்டு பிஸ்கட்!

எனவே விழா இப்படி நடக்கட்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதற்கு முந்தைய மாதமே தெருக் கூட்டம் போடுங்கள். ஊசி முகாமுக்கு நாள் கேட்டு, பஞ்சாயத்துக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் மனுக் கொடுங்கள். தெருவில் எத்தனை நாய், எது பெண், எது குட்டி போட்டது, எது யாருக்குப் பழக்கம் என்று கணக்கெடுங்கள். பிறகு பிஸ்கட் சுடும் நாள்.

கோதுமை மாவு ஒரு கிலோ. பாதிக்குக் கேழ்வரகு மாவும் சேர்க்கலாம். வேகவைத்து மசித்த பூசணி அரைக் கிலோ, முட்டை 2, வேண்டிய அளவு தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரை விரல் கனத்துக்குத் தேய்த்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். மிதமான சூட்டில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் சுட்டால் போதும். தணிந்த சூட்டிலேயே விட்டுவைத்தால் ஈரம் போய்க் கெட்டியாகும். நூறு துண்டுக்குக் குறையாது. அடுப்பு? பேக்கரியில் வேலை செய்யும் தோழரைக் கேளுங்கள். ரொட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சூடே இதற்குப் போதும். இல்லாவிட்டால் கனத்த சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து மூடி, சிறு தீயில் சுடலாம். ஆறியபின் ஈரமில்லாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லெட் இவை நாய்க்கு விஷம். டீக்கடையில் வாங்கிப் போடும் பொறையைவிட இது நல்லது. ஆனால் சோற்றுக்குப் பதில் ஆகாது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலகாரம் கூடாது.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், நாய்க்குப் பழக்கமான பெரியவர் மட்டுமே இதைக் கொடுக்க வேண்டும். பள்ளி வாசலில் கூடாது, குழாயடியில் கூடாது, பிள்ளைகள் கையால் கூடாது. குட்டியோடு இருக்கும் நாயையும் தின்றுகொண்டிருக்கும் நாயையும் தொடக் கூடாது. பிள்ளைகள் பெயர்ப் பட்டியல் எழுதட்டும். ஊசி போட்ட நாய்க்குக் கட்டும் துணி வளையம் தைக்கட்டும்.

முதல் ஈடு யாருக்கு?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பி வருவோம். "பிள்ளைக்கு இல்லாததை நாய்க்கா?"

இல்லை! குடும்பத்து ரேஷன் மாவில் யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டுக்கு ஐந்தோ பத்தோ முடிந்ததைச் சேர்த்து மாவு வாங்குங்கள். முடியாதவர் கையால் உழைக்கட்டும். அதே அடுப்பில் முதல் ஈடு பிள்ளைகளுக்கு, வெல்லமும் வேர்க்கடலையும் சேர்த்து. இரண்டாம் ஈடு நாய்களுக்கு. பலகாரம் பிள்ளை வயிற்றுக்கும் போகும். ஊசி நாய் உடம்புக்கும் போகும். சாவு நம் வாசலைத் தாண்டிப் போகும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் மாவு பிசைவதால் சர்க்கார் தன் கடமையிலிருந்து தப்பித்துக் கொள்ள முடியாது. அடுப்பைச் சுற்றி நாற்பது பேர் கூடும்போது அது கோரிக்கைக் கூட்டமாகவும் ஆக வேண்டும்.

எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநோய்த் தடுப்பூசியும், ஆழ்ந்த கடிக்கான மருந்தும் எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும். கடிபட்ட கூலித் தொழிலாளிக்கு ஊசி நாட்களின் கூலியை ஈடு செய்ய வேண்டும். உள்ளாட்சி மன்றங்கள் நாய்க் கருத்தடைக்கும் ஊசிக்கும் போதிய பணமும் டாக்டர்களும் தர வேண்டும்.

குப்பை நாள்தோறும் அள்ளப்பட வேண்டும். குப்பை அள்ளுகிறவருக்கு நிரந்தர வேலை வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தனியார்மயத்தை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்களே, நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியதே, அந்தப் போராட்டத்துக்கும் நாய்க்கடிக்கும் சம்பந்தமில்லை என்று எண்ணாதீர்கள். குப்பை மேடு இருக்கும் வரை நாய்க் கூட்டமும் இருக்கும்.

குன்னூர் நிலையத்தின் கதையும் நினைவிருக்கட்டும். 2008-ஆம் வருஷத்தில் குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி லைசென்ஸை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. எதிர்ப்பு வலுத்தது; 2010-இல் தடையை விலக்க நேர்ந்தது. பொதுத்துறையில் மருந்து தயாராக வேண்டும், ஏழைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று விடாமல் கேட்பவர்கள் இல்லாவிட்டால் லாபக்காரன் கை ஓங்கிவிடும்.

தோழர்களே! நாயை நேசிக்கிறவன், நாயை வெறுக்கிறவன் என்று நம்மை இரண்டாகப் பிரிக்கப் பார்க்கிறார்கள். கடிபட்டவனும் சோறு போட்டவனும் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறோம். அடுப்பை மூட்டுங்கள். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். டாக்டரை வரவழையுங்கள். வரமாட்டேன் என்றால் அவர் வாசலுக்கே ஊர்வலமாகப் போங்கள்.

மாவு நம்முடையது, நெருப்பு நம்முடையது, கைகள் நம்முடையவை. ஊசி சர்க்கார் தர வேண்டியது. அதை வாங்காமல் விடுவதில்லை!